பங்கஜம் டானிக்கும் பட்டினிப் பாத்தியும்

அண்ணே,

இன்று காலை கல்லூரி வராந்தாவில் கால் வைத்ததுமே எனாமல் பெயிண்ட் வாசனை மூக்கில் ஏறியது. புதிதாக வந்த குடிதண்ணீர் இயந்திரத்தின் முன்னால் பெயிண்டர் குந்தியிருந்தார். 'உபயம்' என்று எழுதி முடித்துவிட்டு, யார் பெயரைப் போடுவது என்று சட்டைப்பையில் சீட்டைத் தேடிக்கொண்டிருந்தார். என் கழுத்து தானாகத் திரும்பி உங்களைத் தேடியது. உபயம் என்று எழுதப்படும் இடத்தில் நீங்கள் பின்னால் நிற்காமல் இருந்ததில்லை. "எழுத்து சிறுசா இருக்கே, பஸ்ல போறவனுக்குத் தெரிய வேணாமா?" என்று அதட்ட ஆளில்லாமல் அந்த மனிதர் தன் இஷ்டத்துக்கு எழுதிக்கொண்டிருந்தார். நான் துறை அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் சிரித்தேன். அப்புறம் அழுதேன். அப்புறம் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

உங்களை முதலில் எங்களிடம் கூட்டி வந்தவர் கல்லூரி முதல்வர். மன்னார்குடி சாலையில் உரக்கடை வைத்திருக்கிறார், மனைவி பங்கஜம் தவறிய பிறகு அந்த அம்மாள் பெயரில் அறக்கட்டளை தொடங்கியிருக்கிறார், ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்கும் நம் ஆராய்ச்சிக்கும் நிதி தரப்போகிறார், பார்த்து நடந்துகொள்ளுங்கள் என்று எங்களை முன்கூட்டியே எச்சரித்திருந்தார். நாங்களும் பார்த்து நடந்து, ஒரு பூங்கொத்து வாங்கி வைத்திருந்தோம். நீங்கள் அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டீர்கள்: "இது என்ன வெலை டீச்சர்? இந்தக் காசுல ஒரு புள்ளைக்குப் பரீச்சைப் பணம் கட்டியிருக்கலாமே." நான் தாவரவியல் துறைத்தலைவர், முனைவர், பேராசிரியர் என்று முதல்வர் பதறிப்போய் எடுத்துச் சொன்னார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டீர்கள். கடைசிவரை நான் உங்களுக்கு டீச்சர்தான்.

தானம் வாங்கிய மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். நீங்களோ தானம் கொடுத்துவிட்டு, வாங்கியவர் பல்லைப் பிடித்துப் பார்க்கிற ரகம். ஏன் அண்ணே வாராவாரம் வந்து நிற்கிறீர்கள் என்று ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டே விட்டேன். "கோயிலுக்குக் குடுத்தா சாமி பாத்துக்கும். காலேஜுக்குக் குடுத்தா யாரு பாக்குறது? அதான் நானே வந்து பாத்துக்குறேன்" என்றீர்கள். எங்கள் கல்லூரியின் சுவர்க் கடிகாரங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நேரம் காட்டுவதை நினைத்துக்கொண்டு நான் வாயை மூடிக்கொண்டேன்.

ஆராய்ச்சி நிதி கேட்பவர்களுக்கு நேர்முகம் உங்கள் கடையிலேயே நடக்கும். யூரியா மூட்டைமேல் உட்கார வைத்து, கையில் சோடாவைத் திணித்துவிட்டுத்தான் கேள்வியே ஆரம்பிப்பீர்கள். எங்கள் வேதியியல் பேராசிரியர் மடிக்கணினியில் படமெல்லாம் காட்டி விளக்கி முடித்ததும், "இதுல முடிவா என்ன தெரியவரும்?" என்று கேட்டீர்கள். "அது இப்பத் தெரியாதுங்க, அதுக்குத்தான் ஆராய்ச்சி" என்றார். "தெரியாததுக்கா காசு கேக்குறீங்க?" என்றீர்கள். "தெரிஞ்சதுக்கு எதுக்குங்க ஆராய்ச்சி?" என்று அவரும் விடவில்லை. நீங்கள் ஒரு சோடா முழுவதையும் குடித்து முடிக்கும்வரை யோசித்து, "இதுவும் நாயமாத்தான் படுது" என்று எழுதிக் கொடுத்தீர்கள். தாராசுரம் சிற்பங்களை ஆராய வேண்டும் என்று வந்த வரலாற்றுத் துறைக்காரர்தான் பாவம். "அது கல்லுங்க. அடுத்த வருசமும் அங்கேயேதான் இருக்கும். பயிரு நிக்காது. பயிருக்காரங்க மொதல்ல வாங்க" என்று அவரைத் திருப்பி அனுப்பிவிட்டீர்கள். மறுவருடம் சொன்னபடி கொடுத்தீர்கள், அது வேறு. கொடுத்ததோடு நிற்காமல் கட்டுச்சோறு எடுத்துக்கொண்டு அவர்கூடவே தாராசுரத்துக்கும் போய், அந்த மனிதரை ஒரு வேலையும் செய்யவிடவில்லை என்று கேள்வி.

உபயம் விஷயத்தில் உங்களோடு மல்லுக்கட்டி எனக்குப் பாதி முடி நரைத்தது. விதைகளை முளைக்க வைக்கும் கண்ணாடிக் கதவுப் பெட்டி ஒன்று வாங்கித் தந்தீர்கள். மறுநாள் வந்து பார்த்தால் கண்ணாடி முழுக்க மஞ்சள் பெயிண்டில் பங்கஜம் அக்காவின் பெயர், ஊர், தாமரைப்பூ படம். உள்ளே விதை முளைத்திருக்கிறதா என்று பார்க்கக் கதவைத் திறக்க வேண்டும். திறந்தால் சூடு போய்விடும். "கதவைத் தெறக்காம பாக்கத்தானே கண்ணாடி போட்டிருக்கு, அண்ணே" என்று கெஞ்சினேன். நீங்கள் பெயிண்டரைக் கூப்பிட்டு, தாமரைப்பூவில் ஒரே ஒரு இதழை மட்டும் சுரண்டச் சொன்னீர்கள். அந்த இதழ் வழியாக ஒற்றைக் கண்ணை வைத்துத்தான் எங்கள் துறை இன்றும் விதை பார்க்கிறது.

கோகிலா உங்கள் நிதியில் முனைவர் பட்ட ஆய்வுக்குச் சேர்ந்தது அந்தச் சமயத்தில்தான். வலங்கைமான் பக்கத்துப் பெண். தாத்தா காலம்வரை கூலிக்கு நாற்று நட்ட குடும்பம். அப்பா இப்போது குத்தகைக்கு நெல் போடுகிறார். அந்த வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள். அப்பாவுக்குப் பெருமைதான், ஆனால் ஒரு மாப்பிள்ளை வீட்டார் காத்திருந்தார்கள். தைக்குள் ஆராய்ச்சியை முடித்தால் சரி, இல்லையென்றால் தாலி என்று சொல்லிவிட்டார். அவளுக்கு நீங்களே தலைப்பும் கொடுத்தீர்கள். உங்கள் கடைக் கொல்லையில் நீங்களே காய்ச்சிப் பாட்டிலில் அடைத்து, அக்காவின் புகைப்படத்தை ஒட்டி விற்றுவந்த பங்கஜம் டானிக்கைத் தெளித்தால் நெல் கூடுதலாக விளைகிறதா? அதுதான் கேள்வி. எனக்குச் சரியாகப் படவில்லை. காசு கொடுப்பவரின் சரக்கையே சோதிப்பதா? கோகிலா மட்டும் அலட்டிக்கொள்ளாமல் உங்களிடம் கேட்டாள்: "முடிவு எப்படி வந்தாலும் அப்படியே எழுதுவேங்க ஐயா. சம்மதமா?" நீங்கள் சிரித்தீர்கள். "நல்லாத்தான் பாப்பா வரும். தாராளமா எழுது."

கல்லூரிக்குப் பின்னாலிருந்த வயலில் குறுவைக்குப் பாத்தி பாத்தியாகப் பிரித்து நட்டாள். பாதிப் பாத்திக்கு டானிக், பாதிக்கு வெறும் தண்ணீர். நடுவது, உரம், களையெடுப்பு எல்லாம் எல்லாவற்றுக்கும் ஒன்றே. ஒவ்வொரு பாத்தியிலும் ஒரு தகரப் பலகை; அது உங்கள் நிபந்தனை. மேலே 'உபயம்: பங்கஜம் அம்மாள் நினைவாக'. கீழே, ஆய்வுக்காக, சில பலகையில் 'டானிக் உண்டு', சில பலகையில் 'ஒன்றும் இல்லை'. நீங்கள் வரப்பில் நின்று பலகைகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தவர், ஒரு இடத்தில் நின்றுவிட்டீர்கள்.

"என்ன டீச்சர் இது? பங்கஜம் பேரைப் போட்டு, கீழ ஒன்றும் இல்லைன்னு எழுதியிருக்கு?"

"அதுக்கு டானிக் கிடையாதுண்ணே. ரெண்டையும் ஒப்பிட்டுப் பாக்கணும்ல?"

"ஒரே வயலு. பக்கத்துப் பாத்திக்கு ஊத்துறீங்க, இதுக்கு இல்லங்கிறீங்க. இது பந்தி வஞ்சனை இல்லையா?"

கோகிலா பொறுமையாகச் சொன்னாள். "சோறு எல்லாத்துக்கும் ஒண்ணுதாங்க ஐயா. உங்க டானிக் மட்டும்தான் இல்ல."

"அதான் பாப்பா நானும் சொல்றேன். எல்லா எலைக்கும் பாயசம் ஊத்திட்டு ஒரு எலையை மட்டும் தாண்டிப் போனா, அந்த எலைக்காரன் என்ன நெனைப்பான்?"

நெல் ஒன்றும் நினைக்காது என்று நான் சொன்னேன். நீங்கள் கேட்கவில்லை. பங்கஜம் அக்கா கையால் சாப்பிட்டவர்கள் இன்றும் சொல்வார்கள், அக்கா பரிமாறும் பந்தியில் டிரைவருக்கும் மாப்பிள்ளைக்கும் ஒரே அளவு பாயசம் என்று. அந்தப் பெயரின் கீழே 'ஒன்றும் இல்லை' என்று எழுதியிருப்பதை நீங்கள் அன்று முழுக்கத் தாங்கமாட்டாமல் அலைந்தீர்கள். நான் அதை ஒரு வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

அறுவடை ஆனது. காயவைத்து எடை போட்டால், டானிக் ஊற்றிய பாத்தியும் ஊற்றாத பாத்தியும் ஒன்றுபோல விளைந்திருந்தன. கோகிலா என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். இதை உங்களிடம் யார் சொல்வது? நீங்கள் கோபித்துக்கொண்டு நிதியை நிறுத்தினால் இவள் மட்டுமல்ல, உங்கள் பணத்தில் படிக்கும் பிள்ளைகள் எல்லாரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். வகுப்பு நேரத்திலேயே பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் நேர்ந்துகொண்டு, உங்களை ஆய்வகத்துக்கு வரச் சொன்னேன். சுற்றி வளைத்து, தொண்டையைக் கனைத்து, விஷயத்தைச் சொன்னேன். நீங்கள் முகமெல்லாம் சிரிப்பாக, "வெளையாம எப்படிப் போகும் டீச்சர்? அதுக்கும்தான் நான் ஊத்துனேனே" என்றீர்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வந்திருக்கிறீர்கள். காவலாளி, 'காசு குடுத்த அண்ணன்தானே' என்று கதவைத் திறந்துவிட்டிருக்கிறார். கைத்தெளிப்பானை முதுகில் மாட்டிக்கொண்டு, பட்டினி கிடந்த இலைகளுக்கெல்லாம் நீங்களே பாயசம் பரிமாறியிருக்கிறீர்கள். அதை எங்களிடம் நல்ல சேதியாகச் சொன்னீர்கள், அண்ணே. அதுதான் என்னால் இன்றும் மறக்க முடியாதது. டானிக் இரண்டு பக்கமும் நன்றாக வேலை செய்திருக்கிறதே என்று எங்களோடு சேர்ந்து சந்தோஷப்பட வந்திருந்தீர்கள்.

கோகிலா சத்தம் போடவில்லை. தராசைத் துணி போட்டு மூடினாள். "ஐயா, நீங்க ஊத்துனது டானிக் இல்ல, என் ஒரு போகம். தை வந்துரும். எங்கப்பா அடுத்த குறுவைக்கு விடமாட்டாரு" என்றாள். அப்போதுதான் உங்களுக்கு உறைத்தது. நீங்கள் என்னைப் பார்த்தீர்கள், உதவிக்கு. நான் உதவவில்லை. எனக்கு அப்படி ஒரு கோபம். வெளியே போங்கள் என்று சொல்ல வாய்வரை வந்ததை, அந்த மேசை நாற்காலி உட்பட எல்லாவற்றிலும் உங்கள் உபயம் இருந்ததால் விழுங்கிக்கொண்டேன்.

மறுநாள் காலையிலேயே காரைக் கொண்டுவந்து நிறுத்தி, என்னையும் ஏற்றிக்கொண்டு அவள் ஊருக்குப் போனீர்கள். அவள் அப்பா நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நீங்கள் உட்காரவில்லை.

"இன்னும் ஒரு குறுவை அந்தப் புள்ளையை விடுங்க. செலவு பூராவும் என்னோடது."

"தையில முடிஞ்சிரும்னு சொன்னாங்களே ஐயா. மாப்ள வீட்டுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"நட்ட பயிர்ல பூச்சி விழுந்தா மறுநடவு போட மாட்டீங்களா?"

"போடாம?"

"அப்படி நெனைச்சுக்குங்க. இந்தத் தடவை விழுந்த பூச்சி நான்தான்."

அவர் உங்களை மேலும் கீழும் பார்த்தார். தங்கச் சங்கிலியும் வெள்ளைச் சட்டையுமாக ஒரு பூச்சி அவர் வாசலில் நிற்பது அதுதான் முதல் தடவையாக இருக்கும். "பூச்சியே வீடு தேடி வந்து கேட்டா என்னங்க பண்றது" என்று சிரித்துவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் காத்திருக்கவில்லை. அதற்காக அந்த வீட்டில் யாரும் அழவும் இல்லை.

அடுத்த குறுவைக்கு கோகிலா உங்களுக்கு ஒரே ஒரு சட்டம் போட்டாள். அறுவடைவரை வரப்பில் கால் வைக்கக் கூடாது. நீங்கள் வைக்கவில்லை. வயலுக்கு எதிரே இருந்த டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, சாலைக்கு அந்தப் பக்கமிருந்தே வயலைப் பார்த்துப் பெருமூச்சு விட்டீர்கள். தினமும் எனக்குப் போன். டானிக் ஊற்றிய பாத்திகளைப் பற்றி ஒருநாளும் விசாரித்ததில்லை. "அந்த ஒன்றும் இல்லாதது எப்படி இருக்கு டீச்சர்? வாடலையே?" என்று மட்டும்தான். ஒருமுறை உறவுக்காரர் கல்யாணப் பந்தியிலிருந்தே கூப்பிட்டு, பாயசம் தொண்டையில் இறங்கவில்லை என்று சொன்னீர்கள். நடிக்காதீர்கள் என்றேன். இரண்டு டம்ளர் குடித்ததாகப் பின்னால் வேறொருவர் சொல்லித் தெரிந்தது.

அந்தப் போகமும் விளைந்தது. எடையும் போட்டோம். டானிக் உள்ளதும் இல்லாததும் ஒன்றே. கோகிலா இந்த முறை உங்கள் கடைக்கே வந்து, அலமாரி முழுக்க அக்கா சிரித்துக்கொண்டிருக்கும் பாட்டில்களுக்கு முன்னால் நின்று சொன்னாள். "யாராச்சும் திருட்டுத்தனமா வந்து ஊத்தியிருப்பாங்களோ?" என்று கேட்டீர்கள். கடையில் இருந்த அத்தனை பேரும் உங்களைப் பார்த்தார்கள். "சத்தியமா நான் ஊத்தல" என்று மூட்டையில் அடித்தீர்கள். பிறகு முகம் சுருங்கிப்போய், "சரி, போய்ட்டு வாங்க" என்றீர்கள். சோடா கொடுக்காமல் நீங்கள் எங்களை அனுப்பியது அன்றைக்கு மட்டும்தான். அதன்பின் போன் வரவில்லை, நீங்களும் வரவில்லை. கோகிலாவின் மாத உதவித்தொகை மட்டும் தேதி தவறாமல் வந்துகொண்டிருந்தது. மற்றப் பிள்ளைகளுக்கு அடுத்த வருடம் உண்டா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஆய்வேட்டைக் கொடுத்து, பொது வாய்மொழித் தேர்வுக்கு நாள் குறித்தார்கள். வழக்கப்படி அறிவிப்புப் பலகையில், 'அனைவரும் வரலாம், கேள்வி கேட்கலாம்' என்று ஒட்டினோம். அதை நம்பி யாரும் வந்ததில்லை. நீங்கள் வந்தீர்கள், இரண்டு வேன் நிறைய ஆட்களோடு. கடைக்கு வரும் விவசாயிகள், சுமை தூக்குபவர்கள், கோகிலாவின் தெருவே கிளம்பி வந்திருந்தது. கையில் ஒரு மைக். வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர், ஏதோ கட்சிக் கூட்டத்துக்குள் நுழைந்துவிட்டோமோ என்று என்னைப் பார்த்தார். கோகிலா உங்களைக் கண்டதும் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டு, தன் ஆய்வு முழுவதையும் ஒரு சொல் விடாமல் சொன்னாள். தேர்வாளர் கேட்ட கேள்விகளுக்கும் பதில் சொன்னாள். "பொதுமக்கள் யாராவது கேட்கிறீர்களா?" என்று அவர் சம்பிரதாயத்துக்குக் கேட்டார். நீங்கள் எழுந்தீர்கள்.

"பாப்பா, டானிக் போட்டதும் போடாததும் ஒரே மாதிரி வெளைஞ்சதுங்கிறே. அப்ப, நான் இத்தனை வருசமா வித்தது என்ன?"

அவள் சுற்றி வளைத்துச் சொல்லியிருக்கலாம். மேலும் ஆய்வு தேவை என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். நாங்கள் எல்லாரும் அப்படித்தான் தப்பிப்போம்.

"தண்ணிங்க ஐயா. கொஞ்சம் வெல்லம், கொஞ்சம் சாயம்."

உங்கள் கண் கலங்கியதை நான் பார்த்தேன். பிறகு தேர்வாளர் பக்கம் திரும்பி, "சரியான பதில்தாங்க. காய்ச்சுனவன் நான், எனக்குத் தெரியும். பட்டத்தைக் குடுத்துருங்க" என்றீர்கள். தேர்வாளர், எல்லாவற்றுக்கும் ஒரு முறை இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் இரண்டு வேன் ஆட்களும் கைதட்டத் தொடங்கிவிட்டார்கள். கோகிலாவின் அப்பா பக்கத்தில் இருந்தவரிடம், "என் பொண்ணு மொதலாளிகிட்டேயே நேருக்கு நேரா சொல்லிடுச்சு" என்று ஒரே மூச்சில் பயமும் பெருமையுமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கதை அங்கே முடியவில்லை என்பதுதான் கூத்து. ஆராய்ச்சி செய்த டானிக் என்று ஊரெல்லாம் பேச்சுப் பரவி, முன்பைவிட அதிகம் பேர் அதைக் கேட்டு வந்தார்கள். நான் கடையில் இருந்தபோதே ஒருவர் வந்து, "டாக்டர் பட்டம் வாங்குன மருந்து ரெண்டு பாட்டில் குடுங்கண்ணே" என்றார். இல்லை என்றீர்கள். பின்னால் அலமாரியைக் காட்டி, "அந்தா இருக்கே?" என்றார். "அது என் பொண்டாட்டி போட்டோய்யா. விக்கிறதுக்கு இல்ல" என்றீர்கள். எனக்கு உங்கள்மேல் இருந்த மிச்சக் கோபமும் அன்றோடு போனது.

அந்த வருடத்திலிருந்து நிதி கேட்டு வருகிறவர்களிடம் கடைசியாக ஒரு கேள்வி சேர்த்துக்கொண்டீர்கள். 'நீங்க கண்டுபுடிக்கிறது எனக்கு வலிச்சா, எங்கிட்ட வந்து சொல்லுவீங்களா?' கணிதப் பேராசிரியர், தன் முடிவு யாருக்கும் வலிக்காது, யாருக்கும் புரியவும் புரியாது என்று உறுதி சொல்லியும் நீங்கள் விடவில்லை. அவரும் சத்தியம் செய்துதான் வாங்கிப்போனார். கோகிலா இப்போது ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்க்கிறாள். நீங்கள் போன சேதி கேட்டு வந்தவள், உங்கள் கடை வாசலில் வெகுநேரம் நின்றிருந்தாள்.

இப்போது அறக்கட்டளையை உங்கள் மகன் துபாயிலிருந்து பார்த்துக்கொள்கிறார். தேர்வுக் குழுவில் என்னையும் போட்டிருக்கிறார். நல்ல பிள்ளை, ஆனால் எல்லாம் கணினித் திரையில், சோடா கிடையாது. போன வாரம் விண்ணப்பித்தவர்களை வரிசையாகப் பார்த்தோம். அவர் கேட்க வேண்டியதைக் கேட்டு முடித்ததும், நான் உங்கள் கேள்வியைக் கேட்டேன். நீங்கள் போன பிறகு ஒவ்வொரு முறையும் கேட்கிறேன். உங்களிடமிருந்து நான் எடுத்துக்கொண்ட சொத்து அது ஒன்றுதான். ஒரு பையன் நான் முடிக்கும் முன்பே, கண்டிப்பாகச் சொல்வேன் மேடம் என்றான். இன்னொருவன், சொல்வது ஆராய்ச்சியாளரின் கடமை என்று ஆரம்பித்து நிறுத்தவேயில்லை. கடைசியாக வந்த பெண், மன்னார்குடிப் பக்கம்தான், பதில் சொல்லாமல் துப்பட்டா நுனியைத் திருகிக்கொண்டே இருந்தாள். உங்கள் மகன் கடிகாரத்தைப் பார்த்தார்.

"சொல்லுவேங்க மேடம்" என்றாள். "ஆனா கொஞ்சம் தள்ளி நின்னு சொல்லுவேன்."

அவளுக்குத்தான் கொடுத்திருக்கிறோம், அண்ணே.